கால் வைக்கும் இடத்தில் ஒரு விளக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. மகளுக்கு நீங்கள் ஆசைப்பட்ட கல்லூரியிலேயே இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லோருக்கும் மகிழ்ச்சி. இங்கே அனைவரும் நலம். வெயில்தான் ஆளை வாட்டுகிறது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பிய பிறகும் குறைந்தபாடில்லை.

இரவில் வண்டியிலிருந்து இறங்கும்போது அம்மாவுக்குக் கால் வைக்கும் இடம் தெரியவில்லை என்று எழுதியிருந்தாய். கதவைத் திறந்ததும் மெல்ல எரிந்து, சாத்தியபின் மெல்ல அணைகிற விளக்கு வேண்டும் என்கிறாய். நல்ல யோசனை. ஆனால் கடைக்காரர் காட்டும் நீல விளக்கில் மயங்கிவிடாதே. அந்த நிறத்தில் படியும் தெரியாது, செருப்பும் தெரியாது. வார்ம் ஒயிட், அதாவது லேசான மஞ்சள் கலந்த வெள்ளை எல்இடி பட்டை கேள். ஒரு மீட்டருக்குச் சுமார் 5 வாட் இழுக்கிற மெல்லிய ரகம் போதும். அரை மீட்டராக வெட்டி இரண்டு பக்கமும் போட்டால் மொத்தம் 0.4 ஆம்பியர்தான்.

விளக்கோடு ஒரு பெரிய கெப்பாசிட்டரை (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கிற பாகம்) இணைத்தால் மெல்ல அணையும் என்று உன் மெக்கானிக் சொன்னது கணக்குக்கு ஒத்து வராது. பட்டையில் மூன்று எல்இடிகள் வரிசையாக இருப்பதால் 8 வோல்ட்டுக்குக் கீழே போனாலே ஏறக்குறைய இருண்டுவிடும். 4700 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவு) போட்டாலும் அரை விநாடி தாக்குப் பிடிக்காது. விளக்கை விட்டுவிட்டு, விளக்கை ஆளுகிற மாஸ்ஃபெட்டில் (மின்சாரத்தாலேயே இயங்கும் மூன்று கால் சுவிட்ச்), அதை இயக்குகிற ‘கேட்’ என்ற காலில் கெப்பாசிட்டரை வை. அங்கே மின்னோட்டமே கிடையாது என்று சொல்லலாம். ஓட்டைப் பானையில் நீர் வடிவதுபோல மின்னேற்றம் நிதானமாகக் குறையும்.

பெரும்பாலான பழைய வண்டிகளில் ரூஃப் லைட்டுக்கு எப்போதும் 12 வோல்ட் இருக்கும். கதவு சுவிட்ச் எர்த்தை, அதாவது பேட்டரியின் மைனஸோடு சேர்ந்த வண்டியின் உலோக உடலைத்தான் இணைக்கும். அதனால் கேட்டை எர்த் பக்கம் இழுத்தால் விளக்கை எரியவிடுகிற பி-சேனல் ரக மாஸ்ஃபெட், ஐஆர்எஃப் 9540 போன்றது, வாங்கு. சோர்ஸுக்கு (மின்சாரம் உள்ளே வரும் கால்) 2 ஆம்பியர் ஃப்யூஸ் வழியாக 12 வோல்ட். டிரெய்னிலிருந்து (வெளியே போகும் கால்) பட்டையின் பிளஸ். பட்டையின் மைனஸ் பாடி எர்த்துக்கு. சோர்ஸுக்கும் கேட்டுக்கும் நடுவே, ஒன்றுக்கொன்று இணையாக, 100 கிலோ ஓம் ரெசிஸ்டரும் (மின்னோட்டத்தைத் தடுக்கும் பாகம்) 47 மைக்ரோஃபாரட், 25 வோல்ட் கெப்பாசிட்டரும்; கெப்பாசிட்டரின் பிளஸ் கால் சோர்ஸ் பக்கம். கேட்டிலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், அதன்பின் ஒரு 1என்4007 டயோடு (ஒரு திசையில் மட்டும் மின்சாரத்தை விடுவது), அதன் வெள்ளைக் கோடு கதவு ஒயரை, அதாவது கதவு சுவிட்சுக்குப் போகும் ஒயரைப் பார்த்து. இந்த டயோடை விட்டுவிட்டால் ரூஃப் லைட் பல்பு வழியாக 12 வோல்ட் திரும்பி வந்து, மங்குவதற்குள் சட்டென்று அணைத்துவிடும். எல்லாம் சரியாக இருந்தால் கதவைச் சாத்தி நாலைந்து விநாடி முழு ஒளி நிற்கும், பிறகு ஓரிரு விநாடியில் கரையும். அம்மா சீட் பெல்ட்டைத் தேடி மாட்ட இன்னும் நேரம் வேண்டுமென்றால் 100 மைக்ரோஃபாரட் போடு.

கையால் போட்டு அணைக்க வைக்கும் சுவிட்ச், நடுவில் அணைகிற மூன்று நிலை ரகமாக இருக்கட்டும். டயோடுக்கு அப்பால் அதை வை: ஒரு பக்கம் கதவு ஒயர், மறு பக்கம் எர்த். அதன் வழியாக ஒரு மில்லிஆம்பியர் அளவுதான் ஓடும் என்பதால் சின்னச் சுவிட்சே போதும். கையால் அணைத்தாலும் விளக்கு மெல்லத்தான் அணையும். மாஸ்ஃபெட்டின் உலோக முதுகும் டிரெய்னும் ஒன்றுதான். அது பாடியில் பட்டால் ஃப்யூஸ் போகும், எனவே பிளாஸ்டிக் ஸ்லீவ் போட்டு மூடு.

எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட் வரை வரும். பட்டைக்கு முன்னால் 4.7 ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்று வைத்தால் சூடு குறையும். பட்டையின் பின்னால் வரும் ஒட்டுநாடாவை நம்பாதே. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அது உரிந்து பெடல் பக்கம் தொங்கும். டேஷ்போர்டுக்கு அடியில் ஏற்கெனவே இருக்கும் ஒயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டு, ஒளி தரையைப் பார்க்கட்டும். மேலே வைத்தால் இரவில் நத்தம் ரோடு மேம்பாலத்தில் போகும்போது கண்ணாடி முழுக்க உன் விளக்குதான் தெரியும், சாலை தெரியாது.

பாகங்கள் எல்லாம் டவுன் ஹால் ரோடு பக்கம் நானே வாங்கி அனுப்புகிறேன். அதற்கு முன் ஒன்று செய். கதவு ஒயரில் மல்டிமீட்டரை வைத்து, கதவு திறந்திருக்கும்போது எத்தனை வோல்ட், சாத்தியிருக்கும்போது எத்தனை வோல்ட் என்று பார்த்து எழுது. திறக்கும்போது 12 காட்டினால் உன் வண்டி எதிர்மாறு. இந்த இணைப்பு ஒத்து வராது, நான் வேறு படம் வரைந்து அனுப்ப வேண்டும்.

அன்புடன்,
உன் மச்சான்,
மதுரை