வெள்ளெழுத்தும் ஜி.பி.எஸ். கருவியும்

அன்பு நண்பா,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. முழங்கால் வலி நீங்கி, மறுபடியும் காலையில் மருதமலை அடிவாரம் வரை மிதிக்கத் தொடங்கிவிட்டாய் என்ற செய்தி தந்த மகிழ்ச்சியில், நீ உண்மையில் எதற்காகக் கடிதம் எழுதினாயோ அந்தப் பகுதியை மறுநாள்தான் கவனமாகப் படித்தேன். டிசம்பரில் துபாயிலிருந்து வரும் உன் மாப்பிள்ளையிடம் ஒரு ஜி.பி.எஸ். சைக்கிள் கம்ப்யூட்டர் வாங்கி வரச் சொல்லப் போவதாகவும், கார்மின் எட்ஜ் 1040, வாஹூ போல்ட், பிரைட்டன் 420 ஆகிய மூன்றில் எது நல்லது என்றும் கேட்டிருக்கிறாய். மூன்றும் நல்லவைதான். ஆனால் மூன்றும் மூன்று விதமான ஆட்களுக்காகச் செய்யப்பட்டவை. அவர்களில் நீ யார் என்று முடிவு செய்யாமல் வாங்கினால், நான் பட்ட பாட்டை நீயும் படுவாய்.

கல்லூரி நாட்களில் பி.எஸ்.ஏ. எஸ்.எல்.ஆர். வண்டியில் மைல்கல்லை எண்ணிக்கொண்டு ஊர் ஊராகப் போன நமக்கு இவ்வளவு யோசனை எதற்கு என்று நீ சிரிப்பாய். நானும் அப்படித்தான் யோசிக்காமல் முதல் கருவியை வாங்கினேன். கடையில் இருந்தவற்றில் எதில் அதிக வசதிகள் இருந்தனவோ அதையே எடுத்தேன். வண்ண வரைபடமும் தொடுதிரையும் பயிற்சித் திட்டங்களும் அதில் இருந்தன. அதை வைத்துக்கொண்டு நான் ஓட்டியதோ, திருவான்மியூரில் கிளம்பி மாமல்லபுரம் போய்த் திரும்பும் கிழக்குக் கடற்கரைச் சாலையில். போகும்போது கடல் இடப்பக்கமும் வரும்போது வலப்பக்கமும் இருந்தால் வழி சரி. அதைச் சொல்ல வரைபடம் எதற்கு? மூன்று ஆண்டுகளில் அந்தத் திரையில் நான் பார்த்தவை வேகம், தூரம், நேரம், இதயத் துடிப்பு ஆகிய நான்கு எண்கள் மட்டுமே. அதில் கால்வாசி விலையுள்ள கருவியும் அந்த நான்கையும் காட்டியிருக்கும்.

அந்தக் கருவியின் உண்மையான குணம் தெரிந்தது, நான் முதன்முதலாக 300 கி.மீ. பி.ஆர்.எம்., அதாவது குறித்த கெடுவுக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூரச் சவாரி, ஓட்டிய இரவில்தான். மாலை 5 மணிக்குச் சென்னையில் கிளம்பி, நெடுஞ்சாலை வழியாகத் திண்டிவனத்தைத் தாண்டிச் சற்றுத் தூரம் போய், திரும்பி வரும்போது திண்டிவனத்திலிருந்து மரக்காணம் சாலையைப் பிடித்துக் கடற்கரைச் சாலைக்கு வரவேண்டும். கருவியின் பெட்டியில் 15 மணி நேரம் பேட்டரி நிற்கும் என்று போட்டிருந்தது. திரை வெளிச்சத்தை முழுவதுமாக ஏற்றி வைத்திருந்தேன், கைபேசியோடு இணைப்பில் விட்டிருந்தேன், பாதை வழிகாட்டலும் இரவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பத்து மணி நேரத்திலேயே, அதாவது அதிகாலை 3 மணிக்கு, பேட்டரி தீர்ந்து திரை அணைந்துவிட்டது. பவர் பேங்கைச் செருகலாம் என்று சார்ஜ் துளையின் ரப்பர் மூடியைத் திறந்தால், தூறல். திறந்த துளைக்குள் தண்ணீர் போகாமல் இருக்க அதன்மேல் கையை வைத்து மூடிக்கொண்டு எத்தனை கிலோமீட்டர் ஓட்ட முடியும்? பின்பக்கப் பையில் பிளாஸ்டிக் உறைக்குள் வழித்தாள் இருந்தது. ஆனால் அதைப் படிக்கக் கண்ணாடி வீட்டில் இருந்தது. கடைசியில் திண்டிவனத்தில் ஒரு தேநீர்க் கடைக்காரர் பாலை ஆற்றிக்கொண்டே அந்தத் தாளை எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார். மரக்காணம் சாலைக்கு எங்கே திரும்பவேண்டும் என்று அவர் காட்டியிராவிட்டால், விடியும்போது நான் தேசிய நெடுஞ்சாலையிலேயே தாம்பரம் நோக்கிப் போயிருப்பேன்.

ஆகவே நீ கேட்காத கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். வரும் குளிர்காலத்தில் 200 கி.மீ. பி.ஆர்.எம். முயன்று பார்க்க ஆசை என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கெடு 13 மணி 30 நிமிடம். 300 என்றால் 20 மணி நேரம், 400 என்றால் 27, 600 என்றால் 40. நிறுவனங்கள் சொல்லும் கணக்குப்படி போல்ட்டின் இரண்டாம் பதிப்பு 15 மணி நேரம் தாங்கும். பிரைட்டன் 420 கருவியும் எட்ஜ் 1040 கருவியும் 35 மணி நேரம் தாங்கும். 7 மணி நேரத்தில் 200 கி.மீ. முடிக்கும் இளைஞனுக்குப் போல்ட் தாராளமாகப் போதும். உன்னையும் என்னையும் போலக் கெடுவை ஒட்டியே வந்து சேர்கிறவர்களுக்கு 13½ மணி நேரத்துக்கும் 15 மணி நேரத்துக்கும் உள்ள இடைவெளி மிகக் குறைவு; பேட்டரிக்கு வயதாகும்போது அந்த இடைவெளியும் போய்விடும். விளம்பரத்தில் உள்ள எண்ணில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை உன் நீண்ட சவாரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வழக்கம்.

பி.ஆர்.எம். பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எந்தக் கருவியாக இருந்தாலும், நின்றால் தானாகக் கணக்கை நிறுத்திக்கொள்ளும் வசதி அதில் இருக்கும். அதை இயக்கி வைத்திருந்தால், திரையில் தெரியும் சராசரி வேகம் நீ இட்லி சாப்பிட்ட நேரத்தைச் சேர்க்காது. அந்த இரவில் என் திரை 21 என்று பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தது; நின்ற நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் 15½ தான். 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்தில் முடிக்க 15 தேவை என்றால், நான் எவ்வளவு ஓரத்தில் நடந்துகொண்டிருந்தேன் என்பது உனக்குப் புரியும். மொத்த நேரத்துக்கான சராசரியைத் தனியே காட்டும் கருவியா என்று வாங்குமுன் பார்த்துக்கொள்.

இனித் திரை. ஐம்பதைத் தாண்டியவர்கள் திரையைத் தேர்ந்தெடுக்கும் முறையே வேறு என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு ஹேண்டில்பார் இருக்கும் தூரம் மிகச் சங்கடமான தூரம். படிக்கும் கண்ணாடியைப் போட்டால் எதிரே உள்ள பள்ளம் மங்குகிறது. கழற்றினால் எண்கள் மங்குகின்றன. எனவே ஒரு பக்கத்தில் பத்து எண்களைக் காட்டும் வசதியால் நமக்குப் பயன் இல்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று அல்லது நான்கு எண்கள், ஒவ்வொன்றும் கட்டை விரல் நக அளவுக்கு இருந்தால் போதும். 1040 கருவியின் திரை குறுக்காக 3.5 அங்குலம், அதன் தம்பி 540 கருவியின் திரை 2.6 அங்குலம், பிரைட்டன் 420 இன்னும் சிறியது. அளவில் 1040 வெல்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான்கு எண்கள் மட்டும் வைத்துப் பார்த்தபோது 2.6 அங்குலமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அளவைவிட முக்கியமானது வெயிலில் தெரிகிறதா என்பது. கைபேசித் திரை வெயிலோடு போட்டியிட்டுத் தன் வெளிச்சத்தை ஏற்றிக்கொண்டே போகும். அதனால் சூடாகும், பேட்டரியும் கரையும். பெரும்பாலான சைக்கிள் கம்ப்யூட்டர்களின் திரையோ மேலே விழும் வெயிலையே திருப்பி அனுப்பி எழுத்தைக் காட்டுவது. கடைக்குள் மங்கலாகத் தெரிவதைப் பார்த்து முகம் சுளிக்காதே. வாசலுக்கு எடுத்து வந்து நண்பகல் வெயிலில் பார்த்தால் அச்சடித்த தாள் போல இருக்கும். கைபேசியையே ஹேண்டில்பாரில் மாட்டிக்கொள்ளலாமே என்று உன் மகள் சொன்னதற்கும் இதுவே பதில். தவிரவும், வழியில் விழுந்தால் வீட்டுக்குச் சொல்ல மிச்சமிருக்க வேண்டிய சார்ஜை வேகம் பார்ப்பதற்குச் செலவழிக்கக் கூடாது.

தொடுதிரை வேண்டுமா, பொத்தான் வேண்டுமா என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மே மாதத்தில் முட்டுக்காட்டுப் பாலத்தில் எதிர்க்காற்றில் ஓட்டும்போது விரல் நுனியிலிருந்து வியர்வை சொட்டும். அந்த விரலால் தொட்டால் ஒரு பக்கம் புரள்வதற்குப் பதில் இரண்டு பக்கம் புரளும், அல்லது ஒன்றுமே நடக்காது. பொத்தானுக்கு வியர்வையும் தெரியாது, மழையும் தெரியாது. 540 முழுக்கப் பொத்தான். அதே வரிசையில் உள்ள 840 கருவியில் இரண்டும் உண்டு. 1040 கருவியில் பக்கங்களைப் புரட்டத் தொடுதிரைதான். போல்ட்டும் பொத்தான்தான், அதில் திரையை அமைக்கும் வேலை எல்லாவற்றையும் கைபேசியில் வீட்டிலேயே கண்ணாடி போட்டுக்கொண்டு செய்துவிடலாம் என்பது நம் வயதுக்கு ஒரு பெரிய சலுகை. அதற்காகவே அதைப் பரிந்துரைக்கலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

ஆனால் நீ கோவைக்காரன். மாதம் ஒருமுறை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறுவதாக எழுதியிருக்கிறாய். பொள்ளாச்சி வழியாக ஆழியாறு போய் வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஒருநாள் ஏறிவிடவேண்டும் என்கிறாய். கடற்கரையில் ஓட்டும் எனக்குத் தேவையில்லாத ஒன்று உனக்குத் தேவைப்படுவது இங்கேதான். மலை ஏறுகிறவனுக்கு வேகம் ஒரு பொருட்டல்ல. உச்சிக்கு இன்னும் எத்தனை கிலோமீட்டர், அதில் இன்னும் எத்தனை மீட்டர் உயரம், அடுத்த ஒரு கிலோமீட்டர் எவ்வளவு செங்குத்து என்பவைதான் வேண்டும். இவற்றைத் தனிப் பக்கமாகக் காட்டும் வசதிக்குக் கார்மினில் கிளைம்ப்ப்ரோ என்று பெயர். மற்ற நிறுவனங்களும் வேறு பெயர்களில் தருகின்றன. முன்பெல்லாம் பாதையை முன்கூட்டியே ஏற்றி வைத்தால்தான் அது வேலை செய்யும். 2023இல் வந்த 540, 840 கருவிகளில் பாதை ஏற்றாவிட்டாலும் ஏற்றம் தொடங்கியதும் தானே தோன்றுகிறது. சென்ற ஆண்டு நான் கோத்தகிரி ஏறியபோது, மூச்சு வாங்கி நிற்கலாம் என்று நினைத்த இடத்தில் திரையைப் பார்த்தேன். அடுத்த பகுதி பச்சை நிறத்தில், அதாவது சாய்வு குறைவாக இருந்தது. நிற்காமல் போய்விட்டேன்.

இந்த உயரக் கணக்கு எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் கருவியோடு சண்டை போடாமல் இருக்கலாம். செயற்கைக்கோள் தரும் உயரம் அவ்வளவு துல்லியமானது அல்ல என்பதால், நல்ல கருவிகளில் காற்றழுத்தத்தை அளக்கும் உணரி ஒன்று இருக்கும். கடல்மட்டத்துக்கு அருகில் ஏறத்தாழ 8 மீட்டர் ஏறினால் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் குறையும். நம் ஊர்களில் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையில் காற்றழுத்தம் தானாகவே 3 ஹெக்டோபாஸ்கல் போலக் குறைவதுண்டு. விளைவாக, காலையில் கிளம்பி மாலையில் அதே வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் என்னைப் பார்த்து, நீ 25 மீட்டர் உயரத்தில் இருக்கிறாய் என்று கருவி சொல்கிறது. பழுது என்று நினைத்துக் கடைக்கு எடுத்துப் போன அசடு நான்தான். இன்னொன்று: அந்த உணரிக்குக் காற்றுப் போகக் கருவியில் ஊசித் துளை இருக்கும். வியர்வை உப்பு அதை அடைத்தால், ஏறும்போது உயரம் நகராமல் அப்படியே நிற்கும். குழாய் நீரில் மெதுவாகக் கழுவினால் சரியாகிவிடும்.

கொண்டை ஊசி வளைவில் சாய்வு எண்ணை நம்பாதே. வளைவின் உள்பக்கத்தில் பெடல் நின்றுபோகும் அளவுக்குச் செங்குத்தாக இருக்கும்போது திரை 5 சதவீதம் என்று காட்டும்; நீ வளைந்து சமமான இடத்துக்கு வந்த பிறகு 11 என்று காட்டும். உயரத்தையும் தூரத்தையும் சில விநாடிகள் சராசரி பார்த்துத்தான் கருவி சாய்வைக் கணக்கிடுகிறது. மணிக்கு 6 கி.மீ. வேகத்தில், மரநிழலில், செயற்கைக்கோள் தரும் தூரமும் தள்ளாடும். சக்கரத்தின் நடுவில் மாட்டும் வேக உணரி ஒன்று வாங்கிக்கொண்டால் தூரக் கணக்காவது உறுதிப்படும். உன் 28 மி.மீ. டயருக்குச் சுற்றளவு 2136 மி.மீ. என்று பதிவு செய்துகொள். மார்பில் கட்டும் துடிப்புப் பட்டையும் வாங்கு. உன் மருத்துவர் மகிழ்வார். மிதிக்கும் ஆற்றலை அளக்கும் பவர் மீட்டர் வேண்டாம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல சக்கர ஜோடி வாங்கலாம்.

வரைபடம் பற்றி ஒரு வார்த்தை. பிரைட்டன் 420 போன்றவற்றில் நீ ஏற்றிய பாதை வெறும் கோடாகத் தெரியும். திரும்பவேண்டிய இடம் வந்தால் சொல்லும். சுற்றியுள்ள சாலைகள் தெரியா. பழகிய சாலைக்கும், முன்கூட்டியே தரப்படும் பி.ஆர்.எம். பாதைக்கும் அது போதும். பாதை தவறிய பிறகுதான் வரைபடத்தின் அருமை தெரியும். கோடு எங்கோ இருக்கிறது, நான் எங்கோ இருக்கிறேன், நடுவில் எந்தச் சந்து என்னை அங்கே கொண்டுபோய் விடும் என்பதை வெறும் கோடு சொல்லாது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கும்போது உன் பட்டியலில் இல்லாத 540 கருவியை வாங்கச் சொல்வேன். 26 மணி நேரப் பேட்டரி, பொத்தான்கள், வரைபடம், ஏற்றப் பக்கம் எல்லாம் இருக்கின்றன. 1040 அதற்கு மேல் தரும் பெரிய திரைக்காக அவ்வளவு கூடுதல் பணம் கொடுக்கவேண்டியதில்லை. 600 கி.மீ. ஓட்டும் எண்ணம் வந்தால் அப்போது பார்த்துக்கொள்ளலாம். மருதமலையும் சிறுவாணிச் சாலையும் போதும், மலை வேண்டாம் என்று முழங்கால் முடிவு செய்துவிட்டால் பிரைட்டனே போதும், பணமும் மிஞ்சும். துபாயில் வாங்குவதற்குமுன், அங்கே தரும் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்று மாப்பிள்ளையை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல். ஹேண்டில்பாரில் மாட்டும் மவுண்ட் விஷயத்திலும் கவனம் வேண்டும். கார்மினுக்கும் வாஹூவுக்கும் கால்வாசிச் சுற்றுத் திருப்பி மாட்டும் முறை ஒன்றுபோலத் தெரிந்தாலும், ஒன்றின் மவுண்ட்டில் மற்றது சரியாக உட்காராது.

டிசம்பருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதுவரை பார்த்துப் பழகுவதற்கு என் பழைய கருவியைச் சார்ஜ் வயரோடு கூரியரில் அனுப்பியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை கிடைத்துவிடும். முதல் பக்கத்தில் நான்கு எண்கள் மட்டும் வைத்திருக்கிறேன், மாற்றிவிடாதே. கண்ணாடி இல்லாமல் கோத்தகிரிச் சாலையில் ஒருமுறை அதைப் படித்துப் பார்த்துவிட்டு, எந்த எண் தெரிந்தது, எது தெரியவில்லை என்று எழுது. ரப்பர் மூடி அந்தத் திண்டிவனத்து இரவிலேயே கிழிந்துவிட்டது. மழை வந்தால் கழற்றிப் பையில் போட்டுக்கொள்.

என்றும் உன் அன்பு,
திருவான்மியூர் நண்பன்