ஸ்மார்ட் போர்டு இருக்கட்டும், முதலில் தாழ்ப்பாள்

மஞ்சக்குப்பம்,
கடலூர்.

அன்புள்ள கயல்,

உங்கள் செட்டுப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து பள்ளிக்கு ஒரு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாம் என்று பேசிக்கொண்டிருப்பதாகச் சொன்னாய். நல்ல எண்ணம்தான். ஆனால் பணத்தைப் போடுவதற்கு முன்னால் இந்தக் கடிதத்தை ஒரு தடவை முழுக்கப் படி, வாட்ஸ்அப் குழுவிலும் போடு. புதுப் பொருள் வாங்கித் தர ஊரில் ஆள் கிடைக்கும். வாங்கியது பழுதானால் சரிசெய்யக் காசு தருகிறவர்கள்தான் கிடைப்பதில்லை.

பள்ளியின் நிலவரத்தைச் சொல்கிறேன். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று பங்கு. பி.எம். ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக 2024-25க்கு வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றம் போனது. யார் பக்கம் நியாயம் என்பதை உன் மாமாவிடம் கேட்டுக்கொள், ஒரு மணி நேரம் பேசுவார். பள்ளிக்கூடத்தில் அது எப்படித் தெரியும் என்றால், சாக்பீஸிலும் பினாயிலிலும்தான் தெரியும். சம்பளம் தனிக் கணக்கு, அது வந்துவிடும். சில்லறைச் செலவுக்கு என்று வருவது பள்ளி மானியம் ஒன்றுதான். அதுவும் பிள்ளைகளின் தலையை எண்ணித்தான்: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இது ஒரு வருஷம் முழுமைக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு என்று ஒதுக்கியாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது அந்த 250. 251 பிள்ளைகள் இருந்தால் 75,000. ஒரே ஒரு பிள்ளை குறைந்தால் 50,000. நம் பள்ளி இப்போது அந்த விளிம்பில் நிற்கிறது. போதாததற்கு, ஆகஸ்ட் 1ஆம் தேதி எண்ணிக்கையை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடத்தை நிர்ணயிப்பார்கள். பிள்ளைகள் குறைந்தால் உபரி என்று ஒரு வாத்தியாரைப் பணிநிரவலில், அதாவது ஆள் குறைவான பள்ளிக்கு மாற்றுவதில், வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள். வாத்தியார் போனால் அடுத்த ஜூனில் சேர்க்கை இன்னும் குறையும். பள்ளிக்குப் பக்கத்துத் தெருவிலேயே தனியார் பள்ளி வேன் நிற்கிறது. அதனால் ஜூன், ஜூலையில் வீடு வீடாகப் போய்ப் பேசும் ஆசிரியர்களுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தாலே அது பெரிய உதவி. ஆயிரம் நோட்டீஸுக்கு ஆகும் செலவும், ஒரு பிள்ளை கூடினால் வரும் 25,000மும் எங்கே என்று நீயே பார்.

ஸ்மார்ட் போர்டு விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முன் பழைய நன்கொடைகளின் கதையைக் கேள். அப்படி வந்து மூலையில் கிடக்கும் பொருள்களில் முதலிடம் ஆர்.ஓ. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கு. கடற்கரைப் பக்கம் போர்வெல் தண்ணீர் உப்பு. அதைக் குடிக்கிற பதத்துக்குக் கொண்டுவர மெம்பிரேன் என்ற உப்பை வடிகட்டும் சவ்வு படாத பாடு படும். முன்னால் இருக்கும், மண் தூசியைப் பிடிக்கும் செடிமென்ட் ஃபில்டரை மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை மாற்றாவிட்டால் மெம்பிரேன் சீக்கிரமே அடைத்துக்கொள்ளும். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் ஃபில்டருக்கு வரமாட்டார்கள். ஆர்.ஓ. வாங்குவதற்கு முன் தண்ணீரைப் பரிசோதித்துப் பார்க்க வேண்டும். டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் உப்புக்காக ஆர்.ஓ. தேவையே இல்லை, தொட்டியைக் கழுவிக் குளோரின் போட்டால் போதும். ஆயிரம் லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம். வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்ததை மட்டும் தொட்டியில் ஊற்றி, ஒரு மணி நேரம் விட வேண்டும். பெரிய மூட்டையாக வாங்கித் தருகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடு. நம்மூர் ஈரக்காற்றில் வாய் திறந்த மூட்டை கொஞ்ச நாளில் வீரியம் இழந்து வெறும் சுண்ணாம்பாகிவிடும். சின்னப் பாக்கெட்டாக அவ்வப்போது வாங்குவதே சரி.

அடுத்தது யு.பி.எஸ். பேட்டரி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற ஆளில்லை என்றால் நான்கு வருஷம் வரவேண்டியது இரண்டில் போய்விடும். அதைத் தூக்கி எறியவும் முடியாது. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளைக் கழிவு செய்ய மேலிடத்து அனுமதி வேண்டும். அது வரும்வரை செத்த பேட்டரியும் உடைந்த புரொஜக்டரும் ஒரு வகுப்பறையையே அடைத்துக்கொண்டிருக்கும். உங்கள் போர்டுக்கும் யு.பி.எஸ். வேண்டும், இணையம் வேண்டும், மூன்றாம் வருஷம் பழுது பார்க்க ஆள் வேண்டும். உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் ஏற்கெனவே கணினிகள் இருக்கின்றன. போர்டுதான் என்று பிடிவாதமாக இருந்தால், விலையில் கால் பங்கைத் தனியே பராமரிப்புக்கு என்று எடுத்து வையுங்கள். அதற்கு மனமில்லை என்றால் வாங்காதீர்கள்.

உண்மையில் பணம் வேண்டிய இடம் கழிப்பறை. 40 பிள்ளைகளுக்கு ஒரு கழிப்பறை என்பது கணக்கு. கட்டடம் பெரும்பாலும் இருக்கிறது. கதவு மூடாது, தண்ணீர் வராது, அவ்வளவுதான் பிரச்சினை. தாழ்ப்பாள் இரும்பில் போட்டால் உப்புக்காற்றில் துருப்பிடித்து ஒரே வருஷத்தில் கையோடு வந்துவிடும். அதனால் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) தாழ்ப்பாள், பி.வி.சி. கதவு, அடிப்பக்கம் தரையில் உரசாமல் இரண்டு அங்குல இடைவெளி. குழாயில் மலிவான பிளாஸ்டிக்கைப் போட்டால் மாதத்துக்கு இரண்டு உடையும். மோட்டார் ஓடவில்லை என்றதும் புது மோட்டாருக்கு மதிப்பீடு போடுவார்கள். பல நேரம் கெப்பாசிட்டர்தான் போயிருக்கும், சில நூறு ரூபாயில் முடிகிற வேலை. துப்புரவுப் பணியாளர் அம்மாவுக்குக் கொடுக்கும் சம்பளம் மிகக் குறைவு, அதுவும் காலத்தில் வருவதில்லை. அவர் வராத நாளில் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புதுயுகம் திட்டத்தில் நாப்கின் வருகிறது. பயன்படுத்தியதைப் போட மூடியுள்ள வாளி இல்லை என்றால் அது குழாயில் போய் அடைக்கும், அப்புறம் செப்டிக் டேங்க் லாரிக்குச் செலவு. துப்புரவுப் பணியாளரிடம் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஆசிடையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். இரண்டையும் ஒரே நாளில் ஊற்றுகிற பழக்கம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது.

நம் ஊருக்கே உரிய செலவு ஒன்று உண்டு. மழைக்காலத்தில் பள்ளிக்கூடம்தான் நிவாரண முகாம். 2011 டிசம்பரில் ‘தானே’ புயல், 2015 வெள்ளம், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் முடிந்த கையோடு சாத்தனூர் அணைத் தண்ணீர் வந்து தென்பெண்ணை பொங்கியது என்று ஒவ்வொரு தடவையும் சனங்கள் வந்து தங்குவது பள்ளியில்தான். வரத்தான் வேண்டும், வேறு எங்கே போவார்கள்? ஆனால் முகாம் முடிந்தபின் அடைத்த கழிப்பறையும் உடைந்த பெஞ்சும் பள்ளியின் தலையில். அரையாண்டுத் தேர்வும் அதே டிசம்பரில்தான். அதற்காக ஒரு தொகையை அக்டோபருக்கு முன்பே ஒதுக்கிவைக்க வேண்டும்.

கூரை பற்றிக் கேட்டிருந்தாய். அதில் நீங்கள் கை வைக்காதீர்கள். மேல்தளத்தில் சிமெண்டு பெயர்ந்து கம்பி தெரிகிறது என்றால், உப்பு இறங்கிக் கம்பி துருவேறி உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது என்று அர்த்தம். அதன்மேல் சாந்து பூசி வெள்ளையடித்தால் அடுத்த மழையில் அப்படியே விழும், பிள்ளைகள் தலையில். கம்பி முழுக்கத் தெரியும்வரை கொத்தி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தெடுத்து, துருத் தடுப்புப் பூச்சு அடித்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். எந்த அறை அதற்குத் தாங்கும், எதை இடிக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் பொதுப்பணித் துறைப் பொறியாளர். உங்கள் காசில் செய்யக்கூடியது ஒன்று: செப்டம்பரில் ஆள் விட்டு மாடியில் தண்ணீர் இறங்கும் குழாய் வாய்களைச் சுத்தம் செய்வது, கைப்பிடிச் சுவரில் முளைக்கும் அரசங்கன்றை வேரோடு எடுப்பது. ஒரு நாள் கூலி.

முப்பது பேர் மாதம் 500 ரூபாய் என்றால் 15,000. கழிப்பறைப் பணிக்குக் கூடுதல் ஆள் 7,000, பினாயில், பிளீச்சிங், துடைப்பம் 1,500, குழாய், மின்சார ரிப்பேர் 2,500, எட்டாம் வகுப்புக்கு ஜெராக்ஸ் 2,000, மழைக்கால ஒதுக்கீடு 2,000. என் கணக்கு இதுதான், குழு மாற்றிக்கொள்ளட்டும். யாரோ ஒருவர் வாத்தியார் சம்பளம் கொடுக்கலாமே என்றாராம். எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) மூலம் எடுக்கும் தற்காலிகப் பட்டதாரி ஆசிரியருக்கு அரசு நிர்ணயித்தது மாதம் 15,000. உங்கள் தொகை முழுக்க அதிலேயே போய்விடும், இரண்டு பேர் கட்ட மறந்தால் அந்த மாதம் அவருக்குச் சம்பளம் இல்லை. மனுஷர் வயிற்றோடு விளையாடுகிற விஷயம். பத்து மாதப் பணம் ஒன்றரை லட்சம் கையில் சேர்ந்த பிறகு பேசுங்கள்.

எட்டாம் வகுப்பு ஜெராக்ஸ் என்றேனே, அது என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசின் கல்வி உதவித்தொகைத் தேர்வுக்கு. மனத்திறன் 90, படிப்பறிவு 90 மதிப்பெண், தவறுக்குக் கழிப்பு இல்லை. வெற்றி பெற்றால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷம் 12,000, ஆக 48,000 ரூபாய். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மனத்திறன் பகுதி பழக்கம்தான். பழைய வினாத்தாளைத் திரும்பத் திரும்பப் போட்டால் வந்துவிடும். பாஸ் செய்தும் பணம் வராமல் போவதற்குக் காரணம் வேறு: வங்கிக் கணக்கில் ஆதார் இணைக்காதது, பெயரில் ஓர் எழுத்து மாறியிருப்பது, வருஷா வருஷம் இணையதளத்தில் புதுப்பிக்காதது. உங்களில் யாராவது ஒருத்தர் அந்தப் புதுப்பித்தலை மட்டும் போனில் விசாரித்துக்கொண்டிருந்தாலே போதும், காசே வேண்டாம்.

அதேபோல, நம் பள்ளி பத்தோடு முடிகிறது. பத்தில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளையைப் பதினொன்றுக்குத் தனியாருக்கு மாற்றினால், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்ற கணக்கு உடைந்துபோகும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடும் போச்சு, கல்லூரியில் சேர்ந்தபின் வரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை மாதம் ஆயிரமும் போச்சு. ரிசல்ட் வந்த வாரம் இதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும்.

பணம் அனுப்பும் வழி. தலைமையாசிரியர் ஜிபேக்கு அனுப்பவே கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். தணிக்கையில் மாட்டிக்கொள்வது அவர்தான். 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' இணையதளத்தில் பள்ளியைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம். சில்லறைச் செலவுக்கு என்றால், பள்ளி மேலாண்மைக் குழுவில் முதலில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். கூட்டம் வெள்ளிக்கிழமை பிற்பகலில் நடக்கும். 2024இல் மாற்றியமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் அதில் இடம் கொடுத்தார்கள், அதனால் உங்கள் செட்டில் ஊரோடு இருக்கும் ஒருவரை அனுப்பலாம். பொருளாக எதைக் கொடுத்தாலும் இருப்புப் பதிவேட்டில் ஏறிய பக்கத்தைப் போட்டோ எடுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் செட்டில் சிங்கப்பூரில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அங்கே குடியுரிமை வாங்கியவர், ஓ.சி.ஐ. என்ற இந்திய வம்சாவளியினர் அட்டை இருந்தாலும், அனுப்பினால் அது வெளிநாட்டுப் பணம்தான், எஃப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அதைத் தொடக்கூடாது. 'கயல் கணக்கில் போட்டுவிடுகிறோம், நீ சேர்த்து அனுப்பு' என்பார்கள். சரி என்று சொல்லிவிடாதே, அதுவும் அதே கணக்கில்தான் வரும். நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு பெற 80ஜி ரசீது கேட்பவர்களுக்கு: புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு அந்தக் கழிவே கிடையாது, ரொக்கமாக 2,000க்கு மேல் கொடுத்தாலும் கிடையாது.

யார் யார் இந்தியக் கடவுச்சீட்டு, யார் யார் அந்த ஊர்க் குடிமக்கள் என்று இரண்டு பட்டியலாக எழுதி அனுப்பு. மாதம் எவ்வளவு, எத்தனை மாதத்துக்கு என்பதையும் பெயருக்கு நேரே போட்டுவிடு. அடுத்த கூட்டத்தில் தீர்மானத்துக்கு வைக்க அது வேண்டும். தாழ்ப்பாள் பதினாறும் கதவு நான்கும் அதற்கு முன்பே போட்டாக வேண்டும்; அதற்கு இங்கேயே சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா