மலைநடைக் குழுவின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் நடை, மிஷன் பீக் மலையில் பயிற்சி ஏற்றங்கள், முதலுதவி வகுப்பு, கோடைக்கால ஒன்றுகூடல் எல்லாம் வழக்கம்போல் நடந்தன.

இந்த ஆண்டின் பெரிய வேலை ஜான் மியூர் தடத்தின் தென்பகுதி. கலிபோர்னியாவின் சியரா நெவாடா மலைகளில், யோசெமிட்டி தேசியப் பூங்காவிலிருந்து விட்னி மலை வரை 211 மைல் போகும் நடைத்தடம் அது. முழுவதையும் நடக்க யாருக்கும் விடுப்பு கிடைக்காது என்பதால், ஆனியன் வேலியில் ஏறி விட்னி போர்ட்டலில் இறங்கும் துண்டை நான் முன்மொழிந்தேன். 9,200 அடி உயரத்திலுள்ள ஆனியன் வேலியில் ஓர் இரவு தங்கி உடலைப் பழக்கிக்கொண்டதால் உயர நோய் யாரையும் படுத்தவில்லை. கியர்சார்ஜ் கணவாயைக் கடந்து தடத்தில் சேர்ந்தோம். மெக்சிகோ எல்லை முதல் கனடா எல்லை வரை போகும் பசிபிக் கிரெஸ்ட் தடமும் இந்த வழியாகத்தான் வருகிறது; 13,153 அடி உயர ஃபாரெஸ்டர் கணவாய்தான் அந்தத் தடம் முழுவதற்கும் உச்சி. பிற்பகலில் இடி மின்னல் வரும் என்பதால் காலையிலேயே அதைத் தாண்டிவிட்டோம். கிட்டார் ஏரியிலிருந்து இருட்டோடு கிளம்பி, 14,505 அடி விட்னி உச்சியில் நம்மவர்கள் நின்றார்கள். மலக்கழிவைக்கூடப் பையில் கட்டிக் கீழே கொண்டுவர வேண்டும் என்ற அங்குள்ள விதியை ஒருவரும் முகம் சுளிக்காமல் கடைப்பிடித்தது எனக்குப் பெருமை.

ஆனால் வருத்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். இந்தப் பகுதியில் நடக்க இன்யோ தேசிய வனத்தின் பெர்மிட், அதாவது அனுமதிச் சீட்டு, வேண்டும்; அதற்கான முன்பதிவு ஆறு மாதம் முன்பே, காலை ஏழு மணிக்குத் திறக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு. விட்னி வழியாக வெளியேறத் தனி ஒதுக்கீடு வேறு. அப்படிப் பிடித்த இடங்களில் சில காலியாகவே போயின. பெயர் கொடுத்தவர்களில் சிலர் கிளம்பும் வாரத்தில் சொன்னார்கள், ஒருவர் சொல்லவே இல்லை. முன்கூட்டிச் சொல்லியிருந்தால் இடத்தைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம், வேறு யாராவது நடந்திருப்பார்கள். நமக்குள்ளும் சிரமம்தான். கூடாரத்தை இருவர் பிரித்துச் சுமப்பது, அடுப்பு ஒருவரிடம், தண்ணீர் வடிகட்டி ஒருவரிடம், ஏறும் இடத்தில் ஒரு கார், இறங்கும் இடத்தில் ஒரு கார் என்று போட்ட திட்டம் ஓர் ஆள் குறைந்தாலே கலைந்துவிடும். வராதவரின் பங்குச் சுமை வந்தவர் முதுகில்தான் ஏறியது.

கரடிப் பெட்டிகள் பற்றியும் சொல்கிறேன். கரடி திறக்க முடியாத அந்த உணவுப் பெட்டி இல்லாமல் இந்தப் பகுதியில் நடக்க முடியாது. ஆளாளுக்கு வாங்க வேண்டாமே என்று குழுப் பணத்தில் சிலவற்றை வாங்கி இரவல் தரும் ஏற்பாட்டை நான்தான் தொடங்கினேன். செலவு அதிகம் என்று அப்போது பேசியவர்களே இப்போது கேட்டு வாங்குகிறார்கள், நல்லதுதான். போன கோடையில் வாங்கியவர்கள் தயவுசெய்து திருப்பித் தாருங்கள். கழுவித் தந்தால் இன்னும் நல்லது. ஒன்றில் புளியோதரைப் பொடி வாசனை இன்னும் போகவில்லை.

வரவு செலவு விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. சுருக்கமாக, கையிருப்பு உண்டு, ஆனால் போன ஆண்டைவிடக் குறைவு. பெட்டிகள் ஒரு காரணம். பெரிய காரணம் சந்தா பாக்கி. பெயர்களை இங்கே எழுத எனக்கு மனமில்லை.

கார் ஓட்டியவர்களுக்கும், வீட்டில் சாம்பாரும் காய்கறியும் உலர்த்திக் கொடுத்த குடும்பத்தாருக்கும், தலைவருக்கும் குழுவின் நன்றி.

அடுத்த ஆண்டு பிஷப் கணவாயில் ஏறி மேதர், பின்ஷோ, க்ளென் கணவாய்களைக் கடந்து கியர்சார்ஜ் வழியே இறங்கலாம் என்பது என் யோசனை. இந்த முறை நடந்த துண்டோடு அது சேர்ந்துவிடும். ஜூலைப் பெர்மிட்டுக்கு ஜனவரியிலேயே பட்டியல் வேண்டும். இந்தப் பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் மகிழ்ச்சியோடு ஒப்படைப்பேன். இல்லையென்றால் நானே தொடர்கிறேன். அப்புறம், சந்தாவும் பெர்மிட் பணமும் பெயரோடு சேர்ந்தே வரட்டும். பணம் வந்த பெயர்களை மட்டுமே பட்டியலில் சேர்ப்பேன்.

செயலாளர்