மகளோடு சிங்கப்பூர் போய்வந்தேன்: துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்பான மட்டக்களப்பு கல்லடி அயலவர்களுக்கும், வழியில் கைகொடுத்த பெயர் தெரியாத உறவுகளுக்கும்,

வணக்கம். இரண்டரை வயது மகளைத் தூக்கிக்கொண்டு தனியே சிங்கப்பூருக்குப் போகப்போகிறேன் என்றபோது, "ஏன் பிள்ளை இந்தப் பாடு? அவர் லீவில் வரும்போது பார்த்துக்கொள்ளலாமே" என்றவர்கள் பலர். அக்கறையில் சொன்னதுதான். ஆனால் என் கணவர் சிங்கப்பூரின் துவாஸ் கப்பல் கட்டும் தளத்துக்கு வேலைக்குப் போனபோது மகள் தவழக்கூடத் தொடங்கவில்லை. லீவு தள்ளிக்கொண்டே போனது. பிள்ளை வளர்ந்துகொண்டே இருந்தாள். ஏன் என்று கேட்காமல், எப்படிப் போவது என்று என்னோடு உட்கார்ந்து யோசித்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

முதலில் எங்கள் ஒழுங்கை ஆசிரியை அக்காவுக்கு. சிங்கப்பூர் போகிறவர்கள் வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். போய் இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாட்களுக்குள்தான் அனுப்பலாம். மடியில் இருக்கும் குழந்தைக்கும் தனி அட்டை வேண்டும். அதற்கு ஒரு சதமும் கட்டணம் கிடையாது. இருந்தும் பணம் கேட்கும் வேறு தளங்கள் தேடும்போது முன்னால் வந்து நிற்கின்றன. அக்கா அந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் சொந்தத் தளத்தைத் தேடிப்பிடித்து, பள்ளிக்கூடம் விட்டு வந்த களைப்போடு இரண்டு அட்டைகளையும் எழுத்தெழுத்தாக நிரப்பினார். கடவுச்சீட்டில் உள்ள பெயரை என்னைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தார். இதைப் படிப்பவர்கள் யாராவது போவதாக இருந்தால், இந்த அட்டைக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

கிளினிக் மிட்வைஃப் அம்மா தடுப்பூசிப் பதிவேட்டை ஒரு தடவை பார்த்துவிட்டு, பையில் போட இரண்டு ஜீவனிப் பக்கெற்றுகள் (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் தூள்) தந்தார். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பிள்ளை எதையாவது விழுங்கிக்கொண்டிருந்தால் காது அடைக்காது என்றார். கைப்பையில் ஒரு போத்தலில் நூறு மில்லிலீற்றருக்கு மேல் திரவம் கொண்டுபோகத் தடை என்றாலும் பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கு விலக்கு உண்டு என்பதையும் அவர்தான் சொன்னார். கட்டுநாயக்க விமானநிலையத்தில் பால் போத்தலைத் தயங்காமல் எடுத்துக் காட்ட முடிந்தது அதனால்தான்.

காத்தான்குடி நானாவை நினைக்காமல் இந்தப் பயணத்தை நினைக்க முடியாது. இரவோடிரவாக அவருடைய வான் வண்டியில்தான் விமானநிலையத்துக்குப் போனோம். மின்னேரியா தாண்டி ஹபரணைக் காட்டுப் பாதையில் நடுவீதியில் ஒரு யானை நின்றது. நானா ஹோர்ன் அடிக்கவில்லை. தூரத்திலேயே நிறுத்தி, வெளிச்சத்தைத் தாழ்த்தி, "பிள்ளையை எழுப்பாதீர்கள் தங்கச்சி, அது போகட்டும்" என்று மெல்லச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். யானை ஒரு கிளையை முறித்துத் தின்று, அவசரமில்லாமல் காட்டுக்குள் இறங்கியது. மகள் என் மடியில் நல்ல தூக்கத்தில் இருந்தாள். விமானநிலையத்தில் பேசிய கூலிக்கு மேலே கொடுத்தபோது, "பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக்கொடுங்கள்" என்று என் கையிலேயே திணித்துவிட்டார்.

விமானத்தில் பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா தன் யன்னலோர இருக்கையை மகளுக்கு விட்டுத்தந்தார். சுமார் நான்கு மணிநேரப் பறப்பில் பாதி நேரம் அவள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு இருந்தாள். அம்மா, உங்களுக்கும் நன்றி.

சிங்கப்பூரின் சாங்கி விமானநிலையத்தில் நடந்ததை எழுதும்போது இப்போதும் கை நடுங்குகிறது. வெளியே என் கணவர் நின்றார். மகள் அவரைப் பார்த்தாள், என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒதுங்கினாள். "அப்பா எங்கே?" என்று கேட்டதற்கு என் கையிலிருந்த போனைக் காட்டினாள். அவள் பார்த்துப் பழகிய அப்பா அதற்குள்தானே இருந்தார். அவருடைய முகம் வாடிப்போனது. அப்போது அவரோடு கூட வந்திருந்த தமிழ்நாட்டுச் சிவகங்கைத் தம்பி, "அண்ணன், நீங்கள் போனில் கூப்பிடுங்கள்" என்றார். விமானநிலையத்தின் இலவச வைஃபை ஏற்கெனவே என் போனில் கிடைத்திருந்தது. கணவர் இரண்டடி தள்ளி நின்று வீடியோவில் அழைத்தார். மகள் திரையைப் பார்த்தாள், நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு திரையில் தெரிந்த சட்டையையும் நேரில் தெரிந்த சட்டையையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை நீட்டினாள். தம்பி, உங்கள் சொந்தப் பிள்ளையை நீங்கள் பார்த்தே நீண்ட காலம் என்று பிறகு அறிந்தேன். அந்த ஒரு யோசனைக்கு நான் என்றும் கடமைப்பட்டவள்.

தொழிலாளர் விடுதியில் குடும்பத்தோடு தங்க முடியாது. ஆசிரியை அக்காவின் தூரத்து உறவான மாமாவும் மாமியும் தங்கள் வீட்டில் எங்களுக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். இலங்கையிலிருந்து போன நம்மவர்கள் கட்டி வளர்த்த செண்பக விநாயகர் ஆலயம் இருக்கும் வீதிக்கே சிலோன் ரோட் என்று பெயர். மாமி எங்களை அங்கே கூட்டிப்போய் அர்ச்சனை செய்வித்தார். எங்கள் ஊர் மாமாங்கக் கோயில் தீர்த்தத்தைப் பற்றி ஆசையோடு விசாரித்தார். இரண்டரை மணிநேரம் முன்னால் ஓடும் ஊரில் மகள் நள்ளிரவிலும் கொட்டக் கொட்ட விழித்திருந்தபோது, முகம் சுளிக்காமல் எழுந்து வந்து மாவு பிசைந்து விளையாடக் கொடுத்தவரும் அவர்தான்.

நகரத்துக்குள் திரிவதற்குப் பயந்த அளவுக்குச் சிரமம் இருக்கவில்லை. 0.9 மீட்டருக்குக் குறைந்த உயரமுள்ள பிள்ளைக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் டிக்கெட் இல்லை. நிலையங்களில் மின்தூக்கி உண்டு. தள்ளுவண்டியோடு நான் தடுமாறிய நேரத்தில் ஊழியர்கள் தாமே வந்து அகலமான வாயிலைத் திறந்துவிட்டார்கள். தேக்காவில் இடியப்பம் விற்ற அக்கா, சீனியும் தேங்காய்ப்பூவும் சேர்ப்பதுதான் அங்கே வழக்கம் என்றாலும், என் மகளுக்காக வீட்டிலிருந்து தனக்குக் கொண்டுவந்த சொதியில் கொஞ்சம் ஊற்றித் தந்தார். சரியாகச் சாப்பிடாமல் அலைந்த பிள்ளை தட்டைத் துடைத்து வைத்தாள்.

கணவரோடு வேலைசெய்யும் தமிழ்நாட்டு, வங்காளதேசச் சகோதரர்களே, அவருடைய இரவு வேலைமுறைகளை நீங்கள் மாற்றி எடுத்துக்கொண்டீர்கள். அந்தப் புழுக்கத்தில், அந்த இரும்புக்கு நடுவில் ஒரு வேலைமுறை கூடுதலாக நிற்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் மகளைத் தோளில் மாற்றி மாற்றிச் சுமந்தீர்கள். உங்கள் வீடுகளில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்தத் தள்ளுவண்டி நாவற்குடா அக்கா இரவலாகத் தந்தது. திருப்பிக் கொடுக்கப் போனபோது, அடுத்ததாகப் போகும் பிள்ளைக்கு இருக்கட்டும் என்று வாங்க மறுத்துவிட்டார். கழுவித் துடைத்து எங்கள் வீட்டில் வைத்திருக்கிறேன். சின்னப் பிள்ளையோடு வெளிநாடு போகிறவர்கள் வந்து எடுத்துப் போகலாம். வருகை அட்டை நிரப்பத் தெரியாதென்றால் கடவுச்சீட்டுகளையும் கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து நிரப்புவோம்.

நன்றியுடன்,
உங்கள் சகோதரி,
கல்லடி உப்போடை, மட்டக்களப்பு