ஓசூர் கம்பெனிகளில் ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஓசூர் தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் ஹெச்.ஆர். பிரிவில் இருக்கும் சார்களுக்கும் மேடம்களுக்கும் வணக்கம்.

தருமபுரியில் டிடிபி, ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். உங்கள் மேசைக்கு வருகிற பயோடேட்டாக்களில் சிலவாவது என் கடையில் அடித்ததாக இருக்கும். பென்னாகரம், பாலக்கோடு, அரூர், காரிமங்கலம் என்று சுற்றுவட்டாரத்தில் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பிள்ளைகள், வாக்-இன் என்றால் முதல் நாள் சாயங்காலமே கடைக்கு வந்துவிடுவார்கள். வேலை கிடைக்காமல் திரும்பி, அடுத்த கம்பெனிக்குத் தேதியை மட்டும் மாற்றிப் பிரின்ட் எடுக்கவும் இங்கேதான் வருவார்கள். அதனால் எழுத்துத் தேர்வில் என்ன கேட்கிறீர்கள், எதில் கழித்துவிடுகிறீர்கள் என்பது எனக்கு ஓரளவு அத்துப்படி. அதில் வரும் இங்கிலீஷ் பகுதியைப் பற்றித்தான் இந்த மடல்.

அண்மையில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த ஒரு பையன் கேள்விகளை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்து சொன்னான். கம்பெனி பெயர் வேண்டாம். 'மீட்டிங்கை ப்ரீபோன் செய்தார்கள்', 'அவர் என் கசின் பிரதர்', 'நான் 2022-ல் பாஸ்டு அவுட்'. இவை சரியா, தவறா? மூன்றுக்கும் சரி என்று போட்டிருக்கிறான். மூன்றும் தவறாம். "எங்க சாருங்க எல்லாம் இப்படித்தாண்ணா பேசறாங்க" என்றான். கேள்வித்தாள் தயாரித்தவரும் ஆபீசில் அப்படித்தான் பேசுவார் என்று எனக்குப் பட்டது. அவனிடம் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன்.

தள்ளிப்போட போஸ்ட்போன் இருக்கிறது, முன்னுக்குக் கொண்டுவர அதே மாதிரி ஒரு சொல் வேண்டாமா? அந்தத் தேவைக்கு நம் நாட்டில் புழக்கத்துக்கு வந்ததுதான் ப்ரீபோன். இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே இருக்கிறது. 'பாஸ்டு அவுட்' என்றால் அமெரிக்காவில் மயங்கி விழுந்ததாக அர்த்தம், உண்மைதான். ஆனால் சென்னை பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சி முடித்து வெளியே வருகிற அணிவகுப்புக்குப் பெயரே பாஸிங் அவுட் பரேடு. பிரிட்டிஷ் ராணுவத்திலிருந்து வந்த வழக்கு அது. 'ஐ ஆம் ரீடிங் டிப்ளமோ' என்று பையன் எழுதினால் சிரிக்கிறீர்கள். லண்டன்காரர் ஒருவர் தான் ஆக்ஸ்ஃபோர்டில் சட்டம் 'ரீட்' பண்ணியதாகச் சொன்னால் அது கௌரவமான பேச்சு. அங்கே பல்கலைக்கழகத்தில் ஒரு பாடத்தைப் படிப்பதை அப்படிச் சொல்வது பழைய வழக்கம்.

கோ-பிரதர் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் விண்ணப்பத்தில் அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது, அவர் என்ன உறவு என்று ஒரு சின்னக் கட்டம் வருகிறதே, அதில் பலர் கோ-பிரதர் என்று எழுதச் சொல்வார்கள். சகலைக்கு இங்கிலீஷில் தனிச்சொல் கிடையாது. 'வைஃப்ஸ் சிஸ்டர்ஸ் ஹஸ்பெண்ட்' என்று அடிக்க அந்தக் கட்டத்தில் இடமும் கிடையாது. நான் கோ-பிரதர் என்றே அடித்துக் கொடுக்கிறேன். 1792-ல் பாராமகால் என்று அழைக்கப்பட்ட நம் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்குப் போனபோது அவர்களுடைய அதிகாரிகள் ரீடும் மன்றோவும் நம் பக்கத்து நிலங்களை அளந்து, விவசாயியிடமே நேராக வரி வாங்கும் முறையைத் தொடங்கினார்கள். ரயத்துவாரி என்ற அதன் பெயர் அப்படியே இங்கிலீஷ் அகராதிக்குப் போய்விட்டது. தேவைப்பட்டால் எடுத்துக்கொள்கிற மொழி அது. சகலைக்கு மட்டும் ஏன் கதவைச் சாத்த வேண்டும்?

அதற்காக எதையும் திருத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. 'பஸ் ஸ்டாண்ட் பேக்சைடு' என்று அட்ரஸ் வந்தால் நானே 'பிஹைண்ட்' என்று மாற்றிவிடுவேன். பேக்சைடு என்றால் இங்கிலீஷ்காரர்களுக்குப் பிட்டம். லீவு லெட்டரில் 'டு தி பிரின்சிபிள்' என்று வந்தால் அதையும் மாற்றுவேன். கடைசியில் எல்-ஈ வந்தால் கொள்கை, ஏ-எல் வந்தால்தான் கல்லூரி முதல்வர். என் கடை போர்டிலேயே ஸ்டேஷனரி என்ற சொல்லைப் பெயின்டர் நடுவில் ஏ போட்டு எழுதப் போனார், தடுத்து ஈ போடச் சொன்னேன். ஏ போட்டால் நகராமல் நிற்பது என்று ஆகிவிடும். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பது வேடிக்கை. பழைய காலத்து ஐரோப்பாவில் புத்தகத்தையும் காகிதத்தையும் சுமந்து ஊர் ஊராக விற்றவர்கள் இருந்தார்கள். பல்கலைக்கழகத்துப் பக்கம் ஒரே இடத்தில் கடை போட்டு நின்றவர்களுக்கு ஸ்டேஷனர் என்று பெயர். நம் ஊரில் சந்தைக்குச் சந்தை மூட்டை கட்டுகிற வியாபாரிக்கும் பஜாரில் கடை வைத்திருப்பவருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி.

சரி, இதெல்லாம் கேலிக்கு ஆளாகிற தவறுகள். யாருக்கும் அடிபடாது. அடிபடக்கூடிய தவறுகள் வேறே இருக்கின்றன. பிள்ளைகள் சொல்வதை வைத்துப் பார்த்தால், உங்கள் கேள்வித்தாளில் அவை வருவதேயில்லை.

தொப்பூர் கணவாயில் டேங்கர் லாரிக்குப் பின்னால் போயிருப்பீர்கள். 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று சிவப்பு எழுத்தில் இருக்கும். பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தது என்ன? கரெக்ட், இன்கரெக்ட். கம்ப்ளீட், இன்கம்ப்ளீட். முன்னால் 'இன்' சேர்ந்தால் எதிர்ப்பதம். அந்தக் கணக்கில் இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்காது என்று படிக்கிற பையனை முட்டாள் என்று சொல்ல முடியுமா? அவன் இலக்கணத்தைச் சரியாகத்தான் போட்டிருக்கிறான். இங்கே வருகிற 'இன்' அந்த 'இன்' அல்ல என்பதுதான் சங்கதி. லத்தீனில் தீ மூட்டுவதைச் சொல்லும் ஒரு வினையிலிருந்து முழுசாக வந்த சொல் இது. டாக்டர்கள் இன்ஃப்ளமேஷன் என்பதும் அதே குடும்பம்தான். தமிழில் அதற்கு அழற்சி என்று பெயர் வைத்தவர்கள் அழலை, அதாவது தீயை, உள்ளே வைத்தே பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் தீத்தடுப்பு அமைப்பினருக்கு இந்தக் குழப்பம் உறைத்து, 1920-களிலேயே 'இன்' வேண்டாம், வெறும் ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்தத் தொடங்கினார்கள். தின்னர் டின்னும் பெயின்ட் டிரம்மும் அடுக்கியிருக்கும் குடோனில் நாளைக்கு வேலை பார்க்கப் போகிற பையனிடம் கேட்க வேண்டியது இந்தச் சொல்லையா, கசின் பிரதரையா?

இன்னொன்று லூஸ். ஓ ஒன்று போட்டால் தொலைப்பது, இரண்டு போட்டால் தளர்ந்திருப்பது. இங்கிலீஷ்காரன் வாயில் முதலாவது 'ஸ'வுக்கும் இரண்டாவது 'ஸ'வுக்கும் ஒலி வேறு. ஒன்று தேனீ ரீங்காரம் போல அதிரும், மற்றது அதிராது. நம் காதுக்கு இரண்டும் ஒன்றுதான், எழுத்திலும் ஒன்றுதான். அதனால் இங்கே காது உதவாது, கண்தான் உதவ வேண்டும். ஷிஃப்ட் முடிந்து போகிறவன் லாக் புக்கில் 'போல்ட் லூஸ்' என்று எழுதுகிறான். அடுத்த ஷிஃப்ட்காரன் ஸ்பேனரை எடுத்து முறுக்க வேண்டுமா, கழன்று விழுந்த போல்ட் மெஷினுக்குள் எங்கே கிடக்கிறது என்று தேட வேண்டுமா? ஓர் எழுத்துத்தான் வித்தியாசம், ஆனால் தளர்ந்திருந்தால் வேலை நொடியில் முடியும், தொலைந்திருந்தால் லைனையே நிறுத்த வேண்டியிருக்கும்.

சில குழப்பங்களுக்குக் காரணம் நம் தமிழேதான். இதைச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் குறைவு. கேட்பது என்ற ஒரே சொல்லை வைத்து நாம் காதில் விழுவதையும், கவனித்துக் கேட்பதையும், கேள்வி கேட்பதையும் சொல்லிவிடுகிறோம். அவர்களுக்கு ஹியர், லிஸன், ஆஸ்க் என்று மூன்று. 'அலாரம் ஹியர் பண்ணினேன்' என்பதும் 'லிஸன் பண்ணினேன்' என்பதும் வேறு. பார்ப்பதிலும் அப்படியே, ஸீ, லுக், வாட்ச் என்று பிரியும். கேஜைப் பார் என்றால் ஒரு தடவை கண்ணை ஓட்டினால் போதுமா, முள் நகர்கிறதா என்று நின்று கவனிக்க வேண்டுமா? சூப்பர்வைசர் 'வாட்ச்' என்று சொன்னதை 'லுக்' என்று எடுத்துக்கொண்டு பையன் டீ குடிக்கப் போனால் அது சோம்பல் இல்லை. அப்புறம் தேதி விஷயம். 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்குள் ஒருமுறை முடித்துவிட வேண்டும். 'டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை செய்துகொண்டே இருக்க வேண்டும். தமிழில் 'க்குள்', 'வரை' என்று அழகாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். இப்படி இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்துப் பிள்ளைகளுக்கு இன்னும் ஒரு சுற்று அதிகம். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி, பள்ளியில் தமிழ் படித்து, அதற்கு மேல் இங்கிலீஷுக்கு வருகிறார்கள். இரண்டு மொழி தெரிந்தவனை, மூன்றாவதில் ஒரு சொல் தடுக்கியது என்று 'கம்யூனிகேஷன் போதாது' என எழுதி அனுப்புகிறீர்கள். எனக்கு இதில் கொஞ்சம் கோபமே உண்டு.

அடுத்தது உங்கள் பக்கத்துக் காகிதங்கள். பிள்ளைகள் ஆஃபர் லெட்டரையும் ட்ரெயினிங் கையேட்டையும் ஜெராக்ஸ் எடுக்கக் கொண்டுவரும்போது கண்ணில் படுவதைச் சொல்கிறேன். 'வித் அஃபெக்ட் ஃப்ரம்' என்று ஏ போட்ட கடிதங்கள் பார்த்திருக்கிறேன். எஃபெக்ட் என்று ஈ வர வேண்டிய இடம் அது. 'ரிவர்ட் பேக்' என்பது நம் ஊரில் பதில் போடுவது என்று ஆகிவிட்டது, அது போகட்டும். மெஷின் பராமரிப்புப் பட்டியலில் 'பைவீக்லி' என்று போட்டிருந்தது. வாரத்துக்கு இரண்டு தடவையா, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையா? அகராதியைப் பாருங்கள், இரண்டு அர்த்தமும் இருக்கும். பையன் எந்த அர்த்தத்தில் கிரீஸ் அடித்தாலும் அவனைக் குறை சொல்ல உங்களால் முடியும். 'எவ்ரி டூ வீக்ஸ்' என்று எழுத எவ்வளவு மை செலவாகும்?

ஓவர்சைட் என்ற சொல்லுக்கு மேற்பார்வை என்றும் அர்த்தம், கவனக்குறைவில் விட்டுவிட்டது என்றும் அர்த்தம். பாதுகாப்பு விதிகளில் அதைப் போட்டால் படிக்கிறவன் எதை எடுத்துக்கொள்வான்? சாங்ஷன் இன்னும் மோசம். லோன் சாங்ஷன் ஆனால் நம் வீட்டில் பாயசம். அதே சொல் உலகச் செய்தியில் வந்தால் பொருளாதாரத் தடை. அனுமதிக்கும் தண்டனைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற மொழியில், குழப்பம் முழுவதும் படிக்கிறவன் தலையில்தான் இருக்கிறது என்பது நியாயமா? இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷ் தளபதிகள் ஒரு விஷயத்தை 'டேபிள்' பண்ண வேண்டும் என்றார்கள், அமெரிக்கர்கள் கூடவே கூடாது என்று சண்டை பிடித்தார்கள். உடனே பேசி முடிக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் அர்த்தம், ஒத்திப்போட வேண்டும் என்பது அமெரிக்க அர்த்தம். இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றே என்பது நெடுநேரம் வாதாடிய பிறகுதான் தெரிந்தது என்று சர்ச்சில் எழுதி வைத்திருக்கிறார்.

எனவே நான் கேட்பது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஷாப் ஃப்ளோர் வேலைக்கு வருகிறவனுக்கு ஷாப் ஃப்ளோர் சொற்களை வையுங்கள். டேஞ்சர் போர்டு, லாக் புக், ஷிஃப்ட் குறிப்பு, கெமிக்கல் டின் மேல் ஒட்டியிருக்கும் லேபிள் ஆகியவற்றிலிருந்து எடுத்துக் கேளுங்கள். அதில் தவறு செய்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள், நான் வாயைத் திறக்க மாட்டேன். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் பேசுகிற இடத்துக்கு ஆள் எடுக்கிறீர்களா, அங்கே பாஸ்டு அவுட் பற்றிக் கேளுங்கள். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று அவர்களிடம் சொன்னால் நம்பிக்கையில்லை என்கிற மாதிரிக் கேட்கும், 'கொஸ்டின்' என்று சொல்லப் பழக்குங்கள். ஃபிட்டருக்கு அது எதற்கு?

தேர்வில் வரக்கூடிய சொற்களை ஒரு பக்கத்தில் போட்டு, தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அர்த்தம் எழுதி, வாக்-இன் அறிவிப்போடு சேர்த்து அனுப்புங்கள். அறிவிப்பைக் கடை வாசலில் நான் எப்படியும் ஒட்டுகிறேன், இதையும் பக்கத்தில் ஒட்டிவிடுகிறேன். கேட்கிற பிள்ளைகளுக்கு அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ஜெராக்ஸ் காசு வாங்க மாட்டேன்.

இப்படிக்கு,
ஒரு டிடிபி கடைக்காரர்,
தருமபுரி.