பீல் துரை குண்டடிபட்டுச் சாகவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 1857ஆம் ஆண்டுப் போரில் ஈடுபட்ட பிரிட்டிஷ் கடற்படை கேப்டன் வில்லியம் பீலைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை. 'லக்னோவில் மார்பில் குண்டேந்தி மாண்டார்' என்று முடித்திருந்தீர்கள். மெய்சிலிர்த்தது. ஆனால் மனிதர் இறந்தது கான்பூரில், 1858 ஏப்ரல் 27 அன்று, பெரியம்மையில். லக்னோவில் மார்ச் மாதம் குண்டு பாய்ந்தது தொடையில். தங்களுக்குத் தெரியாததா?

காயம்பட்டவரை ஏற்றிச் செல்ல ஒரு சாரட்டு வண்டியை மெத்தை வைத்துத் தயார் செய்திருந்தார்கள். என் மாலுமிகள் போகிற மாதிரியே நானும் போகிறேன் என்று அவர் டோலியில் ஏறிக்கொண்டார். அம்மை கண்ட யாரையோ முன்பு சுமந்த டோலி அது என்கிறார்கள். இதைவிடவா உங்கள் கற்பனைக் குண்டு பெரிது? அந்த டோலிக்கு அடியில் தோள் கொடுத்தவர்களுக்கும் உடம்பு என்று ஒன்று இருந்தது. அவர்களுக்கு ஒரு வரி உண்டா?

பீலைக் கோழை என்று சொல்ல வரவில்லை. கிரிமியப் போரில் செவஸ்தபோல் முற்றுகையின்போது திரி எரிந்துகொண்டிருந்த குண்டைக் கையால் தூக்கி அரணுக்கு வெளியே எறிந்தவர். பிரிட்டனின் உயர்ந்த வீரப் பதக்கமான விக்டோரியா கிராஸ் சும்மா கிடைக்கவில்லை. ஆனால் 'ஷானன் கப்பலின் பீரங்கிகளை லக்னோவரை இழுத்துச் சென்றார்' என்கிறீர்களே, எட்டு அங்குல வாயகலப் பீரங்கி ஒன்றே மூன்று டன்னுக்கு மேல். அலகாபாத்வரை கங்கையில் ஸ்டீமர் இழுத்தது. அப்புறம் மாடுகள் இழுத்தன, மனிதர்கள் தள்ளினார்கள்.

நான் துறைமுகத்தில் பாரம் இறக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒருமுறை கிரேன் பழுதாகி, ஒரு பாய்லரை உருளைக்கட்டை வைத்து இரவெல்லாம் நகர்த்தினோம். கம்பி வடம் உரசி உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. மறுநாள் மாலையும் போட்டோவும் அதிகாரிக்கு. ஆகையால் 'இழுத்துச் சென்றார்' என்றால் யார் இழுத்தார்கள் என்பது எனக்குப் புரியும்.

லக்னோவின் ஷா நஜாப் கல்லறை மதிலருகே தன் பீரங்கிக்காரர்கள் எல்லாம் விழுந்த பிறகும் லெப்டினன்ட் யங்குடன் சேர்ந்து சுட்டுக்கொண்டே இருந்த மாலுமி வில்லியம் ஹால், அமெரிக்காவில் அடிமைகளாக இருந்து நோவா ஸ்கோஷியாவுக்குத் தப்பி வந்த கறுப்பினத்தவரின் மகன். அவருக்கும் அதே விக்டோரியா கிராஸ்தான். உங்கள் பக்கத்தில் அவருக்கு இடமில்லை. பீலின் தகப்பனார் பிரதமராக இருந்ததற்கு மட்டும் இரண்டு பத்தி.

1857 எழுச்சியைக் கொடூரமாக நசுக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை 1937இல் மவுண்ட் ரோட்டிலிருந்து அப்புறப்படுத்திய ஊரிலிருந்து வரும் பத்திரிகை இது. வேலூர் எழுச்சி நாளுக்கு நீங்கள் ஒதுக்கியது ராசிபலனுக்குக் கீழே நான்கு வரி. அதைக் கண்டித்து எழுதினேன். கடிதத்தில் உங்களைப் பாராட்டியிருந்த பாதியை மட்டும் பெருந்தன்மையோடு அச்சிட்டீர்கள்.

பீல் இறந்த ஊர், தேதி, காரணம் மூன்றையும் திருத்தி, வரும் ஞாயிறு அதே பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளி,
திருவொற்றியூர்.