சூடு பண்ணினால் சரியாகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் என் அண்ணன் மகளுக்கு வளைகாப்பு. இங்கே சிங்கப்பூரில், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடத்தினோம். சாப்பாடு கேட்டரிங். காய்கறிப் பிரியாணி, தேங்காய்ச் சாதம், புளியோதரை, தயிர்ச்சாதம் என்று காலை 11 மணிக்கெல்லாம் வந்து இறங்கிவிட்டது. கூடவே வந்த சீட்டில் சமைத்த நேரம் காலை 10 மணி, சாப்பிட்டு முடிக்க வேண்டிய நேரம் பிற்பகல் 2 மணி என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. நான் படித்தேன். வேறு யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மூடியைக் கழற்றிக் கவிழ்த்து வைத்தபோது சீட்டும் அதோடு கவிழ்ந்துவிட்டது.

தட்டுகளுக்கு அடியில் எரிந்த சின்ன அடுப்புகள் ஒரு மணிக்கே அணைந்துவிட்டன. வளையல் அடுக்கி, பாட்டுப் பாடி, படம் எடுத்து முடிக்க நாலரை ஆனது. அப்புறம்தான் அண்ணி பிளாஸ்டிக் டப்பாக்களோடு வந்து மிச்சத்தைக் கட்ட ஆரம்பித்தார். "மணி ரெண்டைத் தாண்டி ரொம்ப நேரமாச்சு அண்ணி" என்றேன். "சோத்தைக் குப்பையில கொட்டச் சொல்றியா? வீட்டுல போய் மைக்ரோவேவ்ல ரெண்டு நிமிஷம் வச்சா எல்லாக் கிருமியும் செத்துடும்மா" என்றார். டப்பாக்கள் நாலு வீட்டுக்குப் போயின. ஒரு வீட்டில் அது இரவு 8 மணி வரை சமையல் மேடையிலேயே கிடந்திருக்கிறது. நன்றாக ஆவி பறக்கச் சூடு பண்ணித்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். பத்து மணிக்கு அந்த வீட்டுப் பையனுக்கு வாந்தி. விடிவதற்குள் நின்றுவிட்டது, கடவுள் புண்ணியம். மறுநாள் முழுக்க எல்லோரும் கேட்டரிங்காரரைத்தான் திட்டினார்கள்.

சோறுதான் காரணம் என்று பரிசோதிக்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கேட்டரிங்காரர் நேரத்தை எழுதித்தான் கொடுத்தார். அதற்குப் பிறகு நடந்தது எங்கள் வேலை. 'சூடு பண்ணினால் சரியாகிவிடும்' என்ற நம்பிக்கை நம் வீடுகளில் எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்று அன்றுதான் உறைத்தது. 26 வருடம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் உதவியாளராக இருந்தவள் என்பதால் இதை எழுதத் துணிகிறேன்.

இட்லி மாவை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ராத்திரி கரைத்து மேடையில் வைத்தால் காலையில் பொங்கி நிற்கிறது. அதே மாவை ஏர்கான் போட்ட அறையில் வைத்துப் பாருங்கள், அசையாது. மார்கழியில் ஊருக்குப் போனால் மாவுப் பாத்திரத்தை அடுப்போரமாக நகர்த்தி வைக்கிறார்கள். வெப்பம் கூடினால் வேதிவினை வேகமெடுக்கும். அதற்குக் கணக்கு போட்டுக் கொடுத்தவர் சுவீடன் நாட்டு வேதியியலாளர் அரேனியஸ், 1889இல். 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்பது ஆய்வுக்கூடங்களில் நாங்கள் வைத்திருந்த தோராயமான அளவு. உயிருக்குள் நடப்பதும் வேதிவினைதான். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிருக்கு இதமான அதே சூடு, சோற்றைக் கெடுக்கும் நுண்ணுயிருக்கும் இதமானது.

உணவுப் பாதுகாப்பில் 5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரை ஆபத்தான இடைவெளி என்பார்கள். சிங்கப்பூரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே 19 டிகிரி, 1989இல் பாய லேபாரில். 2023 மே மாதம் அங் மோ கியோவில் 37 டிகிரி வரை போனது. ஆக, நம் ஊரின் வெளிக்காற்று ஒரு நாளும் அந்த இடைவெளியை விட்டு வெளியே போனதே இல்லை. தோதான சூட்டில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அந்த வேகத்தில் 1,000 கிருமி நாலு மணி நேரத்தில் 40 லட்சத்தைத் தாண்டிவிடும். நாலு மணி நேரக் கெடு ஏன் என்பது இதிலிருந்தே புரியும்.

சரி, சூடு பண்ணினால் அவை சாகாதா? பெரும்பாலும் சாகும். முட்டையின் வெள்ளைக்கரு 60 டிகிரியைத் தாண்டியதும் வெளுத்து இறுகுகிறதே, கிருமியின் உடம்பிலுள்ள புரதத்துக்கும் அந்தக் கதிதான். ஆனால் அரிசியோடு பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியா வரும். அதன் வித்துகள் சோறு கொதிக்கும்போதும் சாகாமல் இருந்து, சோறு ஆறும்போது முளைக்கும். பெருகும்போது சோற்றில் ஒரு நஞ்சை விட்டுவைக்கும். அந்த நஞ்சு வளையம் போன்ற ஒரு சின்ன மூலக்கூறு. வெள்ளைக்கருவைப் போலச் சூட்டில் உருக்குலையாது. பிரஷர் குக்கருக்குள் ஏறக்குறைய 120 டிகிரி இருக்கும், அதையும் தாங்கும். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம் அதை என்ன செய்துவிடும்? வாசனையும் மாறாது, ருசியும் மாறாது. மோந்து பார்த்துத் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

ஃபிரிட்ஜும் கொல்லாது, மந்தமாக்கும், அவ்வளவுதான். மாவு ஃபிரிட்ஜிலும் நாலைந்து நாளில் புளிக்கிறதே.

இன்னொன்று, பாத்திரத்தின் அளவு. வளைகாப்பு முடிந்த வாரம் வீட்டில் இரண்டு கிலோ அரிசியை வடித்து, பாதியை மூடிய பாத்திரத்திலும் பாதியை அகலத் தட்டில் பரப்பியும் வைத்தேன். (வீட்டுக்காரர் "ரிட்டயர் ஆகியும் லேப் முடியலையா?" என்றார்.) தட்டில் பரப்பியது அரை மணி நேரத்தில் ஆறிவிட்டது. மூடி வைத்ததன் நடுவில் மூன்று மணி நேரம் கழித்தும் வெப்பமானி 40 டிகிரிக்கு மேல் காட்டியது. குவியல் பெரிதானால் சூடு வெளியேற வழி குறைவு. மேலே தொட்டால் ஆறியிருக்கும், உள்ளே கிருமிக்கு வெதுவெதுப்பான மெத்தை. இருநூறு பேர் சாப்பாட்டு அண்டாவில் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

"எங்க பாட்டி பழைய சோறு சாப்பிட்டே தொண்ணூறு வயசு இருந்தாங்க" என்று யாராவது எழுதுவார்கள், தெரியும். பழைய சோறு வேறு கதை. நீர் ஊற்றி வைத்த சோற்றில் லாக்டிக் அமிலம் தரும் பாக்டீரியா முந்திக்கொண்டு புளிக்க வைக்கிறது. அந்தப் புளிப்பில் மற்றவற்றுக்கு வளர்வது கஷ்டம். புளியோதரை பயணத்துக்குத் தாங்குவதும் புளியும் உப்பும் எண்ணெயும் இருப்பதால். தேங்காய்ச் சாதத்துக்கு அந்தக் காவல் கிடையாது. அந்தப் பையன் சாப்பிட்டது தேங்காய்ச் சாதம்.

உணவை வீணாக்காதீர்கள் என்று அரசாங்கமும் சொல்கிறது, நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்கிறார்கள். எனக்கும் கொட்ட மனசு வராது. அதனால் என் யோசனை எளிமையானது: கட்டிக் கொடுப்பதாக இருந்தால் கடைசியில் வேண்டாம், முதலிலேயே கட்டுங்கள். சாப்பாடு வந்து இறங்கியதும், விருந்தினர் கரண்டி படுவதற்கு முன்பே, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து, மிஞ்சும் என்று தோன்றுவதைத் தட்டையான டப்பாக்களில் போட்டு மேல் மாடி வீட்டு ஃபிரிட்ஜுக்கு அனுப்பிவிடலாம். மேசையில் இருப்பது இரண்டு மணியோடு சரி. மைக்கில் வளையல் பாட்டுப் பாடுகிறவர் "மணி ஒன்றரை ஆகிறது, சாப்பிடாதவர்கள் வாங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? கேட்டரிங்காரர்களும் அந்த நேரச் சீட்டைத் தமிழிலும் கொட்டை எழுத்தில் அச்சடித்து, மூடியில் ஒட்டாமல் மேசையில் நிறுத்தி வைத்தால் என் அண்ணியைப் போன்றவர்களுக்கும் கண்ணில் படும்.

தீபாவளி விருந்துகள் தொடங்குவதற்கு முன் இந்தக் கடிதத்தை வெளியிட்டால் உதவியாக இருக்கும். அண்ணி உங்கள் நாளிதழை ஒரு வரி விடாமல் படிப்பவர். நான் நேரில் சொன்னால்தான் கேட்கமாட்டார்.

இப்படிக்கு,
வாசகி, ஈசூன்